ராணியை ஏற்றிய மாட்டுவண்டி

முன்னொரு காலத்தில், சாக்சன் மக்கள் வாழ்ந்த குளிர் தேசத்தில், வெல்டியா என்ற நாட்டை புர்கார்டு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி.

அவன் மனைவி ராணி எட்வாரா, களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்கு வாரிக் கொடுப்பவள். அந்தப் பனிக்காலத்தில் தானியம் தீர்ந்ததும், அரண்மனை மாடுகளின் வைக்கோலையும் ஏழைகளின் மாடுகளுக்கு அனுப்பிவிட்டாள். ஊரே அவளைப் புனிதை என்று கும்பிட்டது. மந்திரி ஒட்வலுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சபையில் ராஜா அலுத்துக்கொண்டான். "பக்கத்து நாட்டுத் தேவாலயத்தில், செத்துப்போன ஒரு புனிதையின் கால் கட்டைவிரலை வைத்துக் கும்பிடுகிறார்களாம். பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. நமக்கு ஒரு நகம்கூட இல்லையே."

"நமக்கு முழுப் புனிதையே இருக்கிறார், அரசே" என்றான் ஒட்வல். "ஒரே குறை, இன்னும் உயிரோடு இருக்கிறார்."

ராஜா தாடியைச் சொறிந்தான். "அதுவும் நியாயம்தான். எட்வாரா, உனக்கு ஞாயிற்றுக்கிழமை தோதுப்படுமா?"

சாக ராணிக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

"தோதுப்படும், அரசே. ஆனால் நம் வழக்கம் தெரியுமல்லவா? புனிதையின் உடலை வண்டியில் ஏற்றி, ஓட்ட ஆளில்லாமல் மாடுகளை விடவேண்டும். அவை நிற்கிற இடம் கடவுள் காட்டிய இடம். அந்த மனையும் வீடும் புனிதைக்கே சொந்தம். மாடுகள் எல்லை தாண்டிவிட்டால் என் விரல்கள் அத்தனையும் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். ஓர் ஒத்திகை பார்த்துவிடலாமே."

ராஜா பதறிப்போனான். "உடனே வண்டியைப் பூட்டுங்கள்."

ராணி வண்டியில் கண்மூடிப் படுத்தாள். பாதி வழியில் தும்மினாள். "சவம் தும்மக்கூடாது, தாயே" என்று கூடவே நடந்த தேவாலய ஆயர் கடிந்துகொண்டார். மாடுகளோ கொலைப்பட்டினி. ஊரிலேயே வைக்கோல் மிச்சமிருந்தது, யாருக்கும் ஒரு பிடி கொடுக்காத ஒட்வலின் வீட்டில்தான். மோப்பம் பிடித்து நேரே அங்கே போய், கதவை முட்டித் திறந்து, தின்ன ஆரம்பித்துவிட்டன.

ராஜா மண்டியிட்டான். "கடவுள் காட்டிய இடம்."

"அரசே, இது என் வீடு."

"இனி புனிதையின் வீடு. அவள் புனிதை என்று சொன்னது நீர்தானே?"

ஒட்வல் ராஜாவின் காலில் விழுந்தான். "இல்லை அரசே, அவர் புனிதையே இல்லை. சாதாரணப் பெண்தான். சத்தியமாகச் சொல்கிறேன்."

ராணி எழுந்து உட்கார்ந்தாள். "அப்படியானால் நான் சாகவேண்டியதில்லை. பொய் சொல்லி என்னைக் கொல்லப் பார்த்தவருக்கு என்ன தண்டனை, அரசே?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டை ஏழைகளுக்குக் கொடுத்து, ஒட்வலைத் தொழுவத்துக்குச் சாணம் அள்ள அனுப்பினான். தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராணியின் விரலில் போட்டான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி. நமக்கென்று ஒரு புனிதை?"

"கிடைப்பாள், அரசே. எந்த நாட்டிலும் ராணிகள் விதவையாகி, மடத்தில் சேர்ந்த பிறகுதான் புனிதையாகிறார்கள். முறைப்படி முதலில் போகவேண்டியது நீங்கள்."

அன்று முதல், ராணி கொஞ்சம் அதிக நேரம் ஜெபம் செய்தாலே போதும், ராஜா வைத்தியரைக் கூப்பிட்டுத் தன் நாடியைப் பார்க்கச் சொல்வான்.