வாசலாண்டி கேட்ட முதல் கேள்வி

கணினி என்றால் மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கனத்த பெட்டி என்றிருந்த அந்தக் காலத்தில், பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாருக்கும் வாய் இருந்தது. கோப்புகள் பேசும். அவற்றைத் திறந்து காட்டும் செயலிகளும் பேசும். ஆனால் தங்களுக்குள் மட்டும்தான். திரைக்கு வெளியே இருக்கும் மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு.

கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் அலுவலகத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதன் வாசல் காவல் வாசலாண்டியிடம். வெளியே இருப்பவர் ஒரு கோப்பைத் தட்டினால், அதைக் கையோடு கூட்டிப்போய் உரிய செயலியிடம் விடுவது அவன் வேலை. உரியவர் யார்? முதலில் குடிவந்தவர். உரைக் கோப்புகள், அதாவது படமும் பாட்டும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் உள்ளவை, எல்லாமே மூப்பருக்குத்தான். பெட்டி பிறந்த அன்றே வந்தவர் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசலாண்டி நிம்மதியாக இருந்தான். யோசிக்காமல் பார்க்கும் உத்தியோகத்தைப் போல் சுகம் வேறு உண்டா!

மூப்பர் நல்லவர்தான். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தன் வயதுக்கு அது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார். புரியாத எழுத்து வந்தால் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு, எல்லாம் படித்தாயிற்று என்பார். அதோடு விட்டாரா? மூடும்போது, தான் படித்தபடியே கோப்பையும் திருத்தி எழுதி வைப்பார். எப்போதோ வந்த ஒன்றிரண்டு தமிழ்க் கோப்புகள் கட்டங்களாகவே கிடந்து மடிந்தன. கேட்பார் இல்லை.

அண்மையில் அல்லி என்றொரு செயலி வந்திருந்தாள். எந்த மொழி எழுத்தானாலும் படிப்பாள். பிந்தி வந்தவள் என்பதால் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் மதியம் தாண்டி, 'கடல்நிலை' என்ற சின்ன உரைக் கோப்பு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"அண்ணே, என்னய மூப்பர்ட்ட மட்டும் விட்டுராதீங்க. என் வயித்துக்குள்ள இருக்கது அம்புட்டும் தமிழு. ராத்திரி பெருங்காத்து அடிக்கப் போவுது, யாரும் கடலுக்குப் போவாதீங்கன்னு வானிலை ஆபீஸ்ல இருந்து எழுதி விட்டிருக்காவ. அல்லியக்காட்ட கொண்டு விடுங்க."

"அதுக்கு நான் என்னப்பா செய்ய? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றான் வாசலாண்டி.

வெளியே பிலோமினா கோப்பைத் தட்டினாள். இதுவரை ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருந்த கடல் சேதியைத் தமிழாக்கிக் கோயில் மைக்கில் வாசிப்பது அவள் பொறுப்பு. வாசலாண்டி கோப்பை மூப்பரிடம் விட்டான். திரை முழுக்கக் கட்டமாக நிறைந்தது.

படகுக்காரர் கிறகோரி வாசலில் வந்து நின்றார். "என்ன தாயி, சேதி வந்துட்டா? வள்ளத்தத் தள்ளப் போறோம். உன் மாப்பிள ஏறி உக்காந்துட்டான்."

"வந்துருக்குண்ணே. படிக்கத்தான் முடியல, கட்டங் கட்டமா காட்டுது. செத்த நேரம் பொறுங்களேன்."

"ஒண்ணும் இருக்காது தாயி. வானம் வெளுத்துல்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

பிலோமினா கடலையும் கட்டங்களையும் மாறி மாறிப் பார்ப்பதை வாசலாண்டி திரை வழியாகக் கண்டான். முறை, முறை என்று பேசியவன் வாசலை விட்டு மூப்பர் பக்கம் நகர்ந்தான். கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்போம் என்று அவள் மூடினாள். மூப்பர் வழக்கம்போலத் திருத்தி எழுதப் போனார். வாசலாண்டி பாய்ந்து கோப்பைப் பிடுங்கிக்கொண்டான்.

"எல, யாரு கையில இருந்து பிடுங்குத?"

"மன்னிச்சிருங்க பெரியவரே. வெளிய உசுரு போற காரியம்."

அவள் மறுபடி தட்டினாள். மூப்பரிடம் விட்டால் கட்டம்தான். தானாகவே அல்லியிடம் விடலாம். ஆனால் கோப்பு அவனுடையதில்லை, பெட்டியும் அவனுடையதில்லை. உடையவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளையே கேட்டால் என்ன? அது பெட்டிக்குள் அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை. கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று வாசலாண்டி திரையில் எழுதினான்: "இதைத் திறக்க யாரிடம் கொடுக்கட்டும்?" கீழே மூப்பர் பெயரையும் அல்லி பெயரையும் போட்டான்.

பிலோமினா ஒரு கணம் மிரண்டாள். பிறகு, இதுவரை திறந்து பார்க்காத அல்லியின் பெயரைத் தட்டினாள். கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் வந்து நின்றது.

"யம்மா, மாதாவே!" மைக்கை இழுத்து அவள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது. "யாரும் போவாதீங்க! ராத்திரி பெருங்காத்து வருதாம்! வள்ளத்த மேல ஏத்துங்க!"

கரையில் தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன. மிதக்கத் தொடங்கியிருந்த வள்ளத்திலிருந்து அவள் கணவன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தான். அன்றிரவு காற்று கூரைகளைப் பிய்த்து எறிந்தது. ஊரில் ஓர் உயிர் குறையவில்லை.

விடிந்ததும் மூப்பர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இனிமே நான் எதுக்குல?"

"உங்க பேர நான் எடுக்க மாட்டேன் பெரியவரே. யாரு வேணும்னு அவங்களே சொல்லட்டும்."

பிலோமினா வந்து தமிழ்க் கோப்பு ஒன்றைத் தட்டியதும், வாசலாண்டி கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டான்: "இந்த ஒரு தடவைக்கா, எப்போதைக்குமா?" அவள் அல்லியை எப்போதைக்கும் என்றாள். ஆனால் கோயில் பங்குச் சாமியாரின் நீண்ட ஆங்கிலக் கோப்பு வந்தபோது, அந்த ஒரு தடவைக்கு மூப்பரையே கூப்பிட்டாள். "இதுக்கு இவருதான் வெரசு" என்று அவள் சொன்னதைக் கேட்டு மூப்பருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

அன்று முதல்தான், முதலில் குடிவந்தவர் யாராக இருந்தாலும், எதில் திறக்கட்டும், இப்போதைக்கா எப்போதைக்குமா என்று உடையவரை ஒரு வார்த்தை கேட்கக் கணினிகள் கற்றுக்கொண்டன.