துரை உட்கார்ந்த பருத்தி மூட்டை

கரிசல் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் விட்ட புதுசு. விடியக்காலம் பனி ஈரத்தோடு எடைபோட்டு ஏற்றின மூட்டை, துறைமுகத்தில் இறங்கும்போது மூன்று ராத்தல் குறைந்தது.

“திருட்டுப் பயலே!” ஸ்டேஷன் துரை, சுமைதூக்கும் மாசானத்தின் மடியை ஊர் பார்க்க அவிழ்த்து உதறவைத்தார். “குறைஞ்ச பருத்தி வரணும். இல்லேன்னா ஜெயில்!”

மறுநாள் விடியலில் மாசானம் ஒரு மூட்டையை எடைபோட்டு வெட்டவெளியில் வைத்தான். “எசமான், இன்னைக்கு இதுக்கு நீங்களே காவல். மேலேயே உட்காந்துக்கிடுங்க.”

இவன் கையும் களவுமாகச் சிக்கட்டும் என்று, கொளுத்துகிற வெயிலில் குடைபிடித்து உட்கார்ந்தார் துரை. சாயங்காலம் எடைபோட்டால், சரியாக மூன்று ராத்தல் குறைச்சல்!

ஏற்கெனவே வெள்ளை முகம், இன்னும் வெளுத்துப்போனது.

மாசானம் கைகட்டிச் சொன்னான்: “எசமான், உங்க சட்டைப்பையைக் கொஞ்சம் உதறுங்க.”