செவ்வந்தி ராணியோட கனம் போன இடம்

ஏழு வாய்க்கா பாயுற ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தானாம். நல்ல ராசாதான். ஆனா அவனுக்கு ஒரு வியாதி, எதைப் பாத்தாலும் எடை போட்டுப் பாக்கணும். பூசணிக்கா வந்தா எடை போடுவான், புதுச் செருப்பு வந்தா எடை போடுவான், தூது வந்த ஆளையும் தராசுல ஏத்தி எறக்கிட்டுத்தான் சேதியே கேப்பான். சித்திரை பொறந்தா அரமனையில இருக்கற எல்லாரையும் தராசுல உக்கார வச்சு, அவங்கவங்க கனத்துக்குக் கல்லு போட்டு, மூட்டையா கட்டி, சுவத்தோரமா அடுக்கி வச்சிருவான். எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க. அவனையே கேட்டாங்க, அவனுக்கும் தெரியல.

அந்த ராசாவோட பொண்டாட்டி பேரு செவ்வந்தி. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு அவ முழுகாம இருந்தா. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ராணி வயித்துல பிள்ளை தங்கிட்டா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில அம்மன் கோயில் வாசல்ல தராசு கட்டுவாங்க. ஒரு தட்டுல ராணி, இன்னொரு தட்டுல வெல்லம். தராசு சமமா நின்னதும், அந்த வெல்லம் மொத்தமும் ஊர்ல மாசமா இருக்கற பொம்பளைங்களுக்குப் போயிரும். ராணி கனக்கக் கனக்க அவங்களுக்கு வெல்லம் கூடும். நல்ல வழக்கந்தான், இல்லையா?

நல்ல வழக்கத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருப்பான்ல, அவன் பேரு வடுகநாதன். அரமனைச் சாமான் அறைச் சாவி அவன் இடுப்புல தொங்கும். அரிசி அவன் பொறுப்பு, பருப்பு அவன் பொறுப்பு, வெல்லமும் அவன் பொறுப்பு. அவனும் வெல்லத்தைப் பொறுப்பாத்தான் தின்னான். காலையில எந்திரிச்சா ஒரு அச்சு, மத்தியானம் படுக்கப் போறப்ப ஒரு அச்சு, படுத்து எந்திரிச்சா ஒரு அச்சு.

மொத ரெண்டு மூணு பௌர்ணமிக்கு ஒண்ணும் வெளிய தெரியல. ராணிக்கு மசக்கை. சாப்பிட்டாலும் வாந்தி, சாப்பிடாட்டியும் வாந்தி. தராசு பழைய இடத்துலயே நின்னுச்சு. அப்புறம் வாந்தி ஓஞ்சுது, பசி வந்துச்சு, அதுக்கப்புறம் வந்த பௌர்ணமியில பழைய அளவு வெல்லத்துக்கு ராணி தட்டு கொஞ்சம் கீழ எறங்குச்சு. வடுகநாதன் ஓடிப் போய் வெல்லப் பானைங்களைத் தட்டிப் பாத்தான். மொதப் பானை காலி. அடுத்த பானை காலி. அதுக்கடுத்த பானையில ஒரு எறும்பு இருந்துச்சு, அதுவும் கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரிசையில மட்டும், ராணியோட பழைய கனத்துக்குத் தேறற அளவு மிச்சம். ராணி இப்படியே கனத்துக்கிட்டுப் போனா ஊரு முன்னாடி குட்டு உடைஞ்சிருமே. நேரா ராசாகிட்டப் போனான்.

"ராசாவே, ராணியம்மா கனத்துக்கிட்டே போறாங்க."

"பிள்ளை வளருதுல்லப்பா."

"அங்கதான் ராசாவே வில்லங்கம். வயிறு ஒண்ணுதான? சோறும் அதுலதான், பிள்ளையும் அதுலதான். சோறு எடத்தை அடைச்சுக்கிட்டா பிள்ளை எங்க காலை நீட்டும்? சோத்தைக் கொறைச்சா பிள்ளை சின்னதா இருக்கும், சொகமா வெளிய வந்துரும்."

ராசா யோசிச்சான். "சோறும் பிள்ளையும் ஒரே அறையிலயா இருக்கு?"

"ஒரே அறைதான் ராசாவே."

"நடுவுல செவுரு?"

"செவுரெல்லாம் கெடையாது."

ராசா நம்பிட்டான். அவனை மட்டும் சொல்லிக் குத்தமில்ல, ஊர்ல பாதிப்பேரு அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அன்னையிலேந்து ராணிக்கு என்ன சாப்பாடு? காலையில கஞ்சித்தண்ணி, மத்தியானம் நீர்மோரு, சாயங்காலம் திரும்பவும் கஞ்சித்தண்ணி.

"ஏங்க, பசிக்குதுங்க"ன்னா செவ்வந்தி.

"பசிக்கலம்மா, பிள்ளைக்கு எடம் ஆகுது"ன்னான் ராசா.

அடுத்த பௌர்ணமிக்கு ராணி தட்டு மேல ஏறிடுச்சு. வெல்லம் வாங்க நின்ன பொம்பளைங்க முன்னவிடக் கொறைச்சலா வாங்கிக்கிட்டு, "ராணி கண்ணைப் பாத்தியாடி, குழி விழுந்து கெடக்கு"ன்னு பேசிக்கிட்டே போனாங்க. வடுகநாதன் மட்டும் சிரிச்ச முகமா நின்னான். ஆனா செவ்வந்திக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. முந்தி முட்டிக்கிட்டும் பொரண்டுக்கிட்டும் இருந்த பிள்ளை, இப்ப எப்பவாச்சும் ஒரு தரம் லேசா அசைஞ்சுட்டு அடங்கிருது. ராசாகிட்டச் சொன்னா. "வசதியா படுத்திருக்காம், வடுகநாதன் சொன்னான்"ன்னான்.

சரி, இந்த மனுஷங்களைக் கேட்டுப் பிரயோசனம் இல்லன்னு செவ்வந்தி தோட்டத்துக்குப் போனா. போய் ஒரு தென்னைமரத்துகிட்டக் கேட்டா: "தென்னையே தென்னையே, பிள்ளை கையகலந்தான இருக்கும், என் கனம் எதுக்கு அவ்வளவு ஏறுச்சு?"

தென்னை சொல்லுச்சு: "என் காயைப் பாரு தாயி. பருப்பு மட்டுமா இருக்கு? உள்ள தண்ணி, மேல ஓடு, அதுக்கும் மேல மட்டை. மட்டை இல்லாம காய் வளக்கச் சொன்னா என்னால ஆகுமா? உன் பிள்ளையும் தண்ணியில மெதக்குது. அதைச் சுத்தி ஒரு பை வளருது, சோறு கொண்டுபோற நஞ்சுக்கொடி வளருது. இதெல்லாம் கனக்காம காத்துலயா வரும்?"

அப்புறம் அவ வாய்க்காகிட்டப் போனா. "வாய்க்காலே வாய்க்காலே, பிள்ளை கையகலந்தான இருக்கும், என் கனம் எதுக்கு அவ்வளவு ஏறுச்சு?"

வாய்க்கா சொல்லுச்சு: "முந்தி நான் பாயற வயலு கம்மி. இப்பக் கடைசியில ஒரு புது வயலைச் சேத்துட்டாங்க. நான் கரை நெறைய ஓடுனாத்தான் அது நனையும். உன் ரத்தமும் அப்படித்தான் தாயி, கூடித்தான் ஆகணும். மடையை அடைச்சா மொதல்ல காயறது எதுன்னு நினைக்கற?"

"கடைசி வயலு"ன்னா செவ்வந்தி. சொல்லும்போதே கை வயித்து மேல போயிருச்சு.

அப்புறம் அவ கொட்டாயில நின்ன சினைப்பசுகிட்டப் போனா. "பசுவே பசுவே, பிள்ளை கையகலந்தான இருக்கும், என் கனம் எதுக்கு அவ்வளவு ஏறுச்சு?"

பசு, "இரு, அசை போட்டுட்டுச் சொல்றேன்"னுச்சு. ராணி நின்னா. பசு சாவகாசமா மென்னு முழுங்கிட்டுச் சொல்லுச்சு: "கன்னு போட்டப்புறம் பால் குடுக்கணும்ல? அதுக்கு இப்பவே ஒடம்புல கொஞ்சம் சதை சேத்து வச்சுக்கறேன். இன்னொண்ணு கேட்டுக்க. தீனிப்பை வேற, கன்னுப்பை வேற. ரெண்டும் ஒண்ணா இருந்தா என் கன்னுங்க வாயில வைக்கோலோடல்ல பொறந்திருக்கணும்?"

செவ்வந்தி திரும்பி வந்து ராசாகிட்ட எல்லாத்தையும் சொன்னா. ராசா வாயைப் பொளந்து கேட்டுட்டு, "தென்னைமரம் பேசுமா?"ன்னான்.

"வடுகநாதன் பேசறதை நம்புனீங்க, தென்னைமரம் பேசுனா நம்பக் கூடாதா?"

"அதுவும் சரிதான்"னான் ராசா.

"இன்னொண்ணுங்க. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு நான் கொறைஞ்சிருக்கேன். இந்த வீட்டுல வேற யாராச்சும் கூடியிருக்காங்களான்னு பாத்துரலாமே. சித்திரையில கட்டுன கல்லு மூட்டைதான் இருக்கே."

எடை போடணும்ன உடனே ராசாவுக்கு மொகம் மலர்ந்துருச்சு. அன்னைக்கே அரமனை முற்றத்துல தராசு கட்டுனாங்க. சமையக்காரன் ஏறுனான், அவன் மூட்டைக்குச் சரியா நின்னான். காவக்காரன் ஏறுனான், அவனும் சரியா நின்னான். வடுகநாதன் மட்டும், "எனக்கு இன்னைக்கு நாள் சரியில்ல"ன்னான். புடிச்சு ஏத்துனாங்க. அவன் தட்டு தரையில போய் உக்காந்துக்கிச்சு, அவன் கல்லு மூட்டை அந்தரத்துல ஆடுச்சு.

ராசா அவனைச் சுத்திச் சுத்தி வந்தான். வயித்தைத் தட்டிப் பாத்தான். காதை வச்சுக் கேட்டான். அப்புறம் நிதானமா சொன்னான்: "கர்ப்பம் ராணிக்கு, கனம் உனக்கு. அப்படின்னா என் பிள்ளை உன் வயித்துல இருக்கு."

"ராசாவே, நான் ஆம்பளை."

"நானும் அதைத்தான் யோசிச்சேன். ஆனா தென்னைமரமே பேசுதாம். சரி, பிள்ளை இல்லன்னா உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல ராசாவே."

"ஒண்ணும் இல்லாததுக்கா இந்தக் கனம்? டேய், இவனைப் பக்குவமா கூட்டிட்டுப் போங்க. மாசமா இருக்கறவங்களுக்கு என்ன குடுக்கணும்னு இவனே சொல்லியிருக்கான்."

அன்னையிலேந்து வடுகநாதனுக்கு என்ன சாப்பாடு? காலையில கஞ்சித்தண்ணி, மத்தியானம் நீர்மோரு, சாயங்காலம் திரும்பவும் கஞ்சித்தண்ணி. மொத நாளு, "பசிக்குதுப்பா"ன்னான். காவக்காரன், "பசிக்கல அண்ணே, பிள்ளைக்கு எடம் ஆகுது"ன்னான். மறுநா, "தலை சுத்துதுப்பா"ன்னான். "பிள்ளை வசதியா படுத்திருக்கு அண்ணே"ன்னான். அதுக்கும் மறுநா கதவைப் போட்டுத் தட்டுனான். ராசா வந்தான்.

"ராசாவே, சொல்லிடறேன். வயித்துல இருக்கறது வெல்லம். அம்புட்டும் வெல்லம். ராணியம்மா கனத்தா பானை காலின்னு தெரிஞ்சிரும்னுதான் அந்தக் கதையைக் கட்டுனேன்."

எல்லாத்தையும் எடை போடத் தெரிஞ்ச ராசா, பொண்டாட்டி பசியை மட்டும் பக்கத்துல இருந்தும் பாக்காமப் போயிட்டான்ல, அதை நினைச்சு நின்னான். செவ்வந்திகிட்டப் போய், "தப்பு என்னுது"ன்னான். சொல்லிட்டு ரெண்டு தலைவாழை இலையைப் போட்டு மலை மாதிரி சோத்தைக் கொட்டுனான். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு பிள்ளைக்கு."

செவ்வந்தி ஒரு இலையை எடுத்து மடிச்சு வச்சுட்டா. "பிள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்கு எதுக்குங்க தலைவாழை இலை? எப்பவும் சாப்பிடறதைவிடக் கொஞ்சம் கூட, நடுவுல பசிச்சா இன்னொரு தரம், அது போதும். இப்படித் திணிச்சாலும் ஆகாது."

கீரை, பயறு, மீனு, முட்டை, பாலு, பழம்னு பசிக்குப் பசி சாப்பிட்டா. தட்டு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சு, ஒரேயடியா எறங்கல. ஒரு நா சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது வயித்துக்குள்ளேந்து பிள்ளை ஒரு ஒதை விட்டுச்சு பாருங்க, கையில இருந்த கிண்ணம் சாஞ்சுருச்சு. செவ்வந்தி கொட்டுனதைத் தொடைக்கவே இல்ல, அப்படியே உக்காந்து அழுதுக்கிட்டே சிரிச்சா.

மாசம் நெறைஞ்சு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. கொரலு குளத்தங்கரை வரைக்கும் கேட்டுச்சாம்.

வடுகநாதன் என்ன ஆனானா? ஊர்ல மாசமா இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் அவனே சமைச்சு, அவனே தலையில சுமந்துக்கிட்டுப் போய், அவனே பரிமாறணும்னு தீர்ப்பு. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா தாயி?"ன்னு கேட்டுக்கிட்டு நிப்பான். அவங்க போதும்னு சொன்னாத்தான் எடத்தை விட்டு நகரணும்.

வயித்துப்பிள்ளைக்காரி பசிக்குதுன்னு சொன்னா, காரணம் கேக்காம சோறு போடணும். அதுக்குத் தராசும் வேணாம், ராசாவும் வேணாம். அந்தப் பிள்ளை பாலைக் குடிச்சுட்டுத் தூங்கிருச்சு, நானும் சொல்லி முடிச்சுட்டேன், நீங்களும் கண்ணை மூடுங்க.