மைதானத்தில் விழுந்த பிள்ளை

பூங்கோதை கொஞ்சம் ராங்கிக்காரி. நான்காம் வகுப்பு டீச்சர். இந்த வருஷம் சொந்த மகளே அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, நாலு பேர் வாய்க்கு அவலாகிவிடக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கேட்டைத் தாண்டினா நான் அம்மா இல்ல. மிஸ். புரியுதா?"

பிள்ளை வதனி தலையாட்டினாள். மற்றவர்கள் தப்பு செய்தால் பத்துத் தடவை எழுத வேண்டும். வதனி இருபது தடவை. பாரபட்சம் பார்க்காத டீச்சர் என்று தலைமையாசிரியர் மேடையிலேயே புகழ்ந்தார். பூங்கோதைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பூங்கோதைதான் இப்போது ஆற்றங்கரை ஆசிரமத்தில் முருங்கைக்கீரை உருவியபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எதிரே அவளுடைய குரு. அவளைவிட எட்டு வயது இளையவர்தான். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவள் கால்கள் அங்கேதான் போகும்.

"வேலையை விடப் போறேன், சாமி. இனி வீட்டுல அம்மாவா மட்டும் இருந்துடுறேன்."

"என்னம்மா ஆச்சு?"

"பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். நேத்து மத்தியானம் என் மடியிலதான் படுத்திருந்தா. கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி, 'மிஸ், தண்ணி குடிக்கட்டுமா'ன்னு கேக்குறா."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பெற்ற வயிறு, எரியாமல் என்ன செய்யும்?

அவர் பழுத்த இலைகளை ஒதுக்கிக்கொண்டே கேட்டார். "எப்போ இருந்து இப்படி?"

"போன மாசம் மைதானத்துல ஓடும்போது விழுந்துட்டா. முட்டியெல்லாம் ரத்தம். 'அம்மா'ன்னு கத்தினா. எல்லாப் பிள்ளைங்களும் என் மூஞ்சியையே பாத்தாங்க. 'எந்திரிச்சு வரிசைல நில்லு'ன்னு சொல்லிட்டேன். நின்னா. அன்னைக்கிலேருந்து வீட்டுலயும் அம்மான்னு கூப்பிடுறதில்ல."

"ஓடிப் போய்த் தூக்கணும்னு தோணலையா?"

"தோணாம இருக்குமா? அடக்கிக்கிட்டேன். அம்மாவாத் தோத்துட்டேன் சாமி, ஒத்துக்கிறேன். ஆனா டீச்சரா என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ரெண்டுல ஒண்ணாவது ஒழுங்கா இருந்தேன்னு மனசைத் தேத்திக்கிறேன்."

குரு கீரையைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு விழுந்தது வேற வீட்டுப் பிள்ளையா இருந்திருந்தா?"

பூங்கோதை யோசிக்கவே இல்லை. "அது என்ன கேள்வி சாமி? ஓடிப் போய்த் தூக்கியிருப்பேன். புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, பக்கத்துலயே உக்காத்தி வெச்சு..."

அவள் கையிலிருந்த காம்பைப் பார்த்தாள். அவரைப் பார்க்க முடியவில்லை.

அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"அப்போ அன்னைக்கு வதனிக்கு டீச்சரும் இல்லையேம்மா."