மாலியின் கால்

தாய்லாந்தின் வடக்கே, ஒரு மலைமேல் பெண் துறவிகளின் மடம் இருந்தது. அங்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர் சுமனா. பினாங்கில் தமிழ்த் தாய்க்குப் பிறந்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஈரோட்டிலிருந்து வருஷம் தவறாமல் அவரைத் தேடி வந்த தமயந்திக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. சிஷ்யை குருவை ‘அம்மா’ என்பாள். குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார்.

அந்த வருஷம் தியானம் முடிந்த கையோடு தமயந்தி அடிவாரத்திலிருந்த ஸ்பாவுக்குப் போனாள். கூட வந்த ஊர்க்காரர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். நாள் கணக்காகச் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

மசாஜ் செய்ய வந்த பெண்ணின் பெயர் மாலி. அவள் தமயந்தியின் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தாள். பாயில் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, கால்மாட்டில் மண்டியிட்டுக் கைகூப்பினாள். பிறகு அழுத்த ஆரம்பித்தாள். தமயந்தி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

தொடைமேல் கனமாக ஏதோ அழுத்த, திடுக்கென்று விழித்துத் திரும்பிப் பார்த்தாள். மாலியின் கால்.

“சீ! காலை எடு! யார் மேல கால் வைக்கிற?”

சொன்னதோடு நிற்கவில்லை. கையை வீசி அந்தக் காலைத் தள்ளிவிட்டாள். ஒற்றைக் காலில் நின்றிருந்த மாலி தடுமாறிச் சுவரில் மோதி விழுந்தாள். தமிழ் தெரியாதவள்தான். ஆனால் அந்தச் ‘சீ’ அவளுக்கு நன்றாகவே புரிந்தது. எழுந்து மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

காலால் அழுத்துவதும் அந்த மசாஜில் ஒரு முறை என்பது தமயந்திக்குத் தெரியாததல்ல. தெரிந்த புத்தி தூங்கிக்கொண்டிருந்தபோது வேறெதுவோ விழித்துக்கொண்டது. ‘எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்’ என்று அன்று காலையில்தான் கண்கலங்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மலையேறினாள்.

“அம்மா, என்னை நினைச்சா எனக்கே கூசுது. அவகிட்ட மன்னிப்புக் கேட்டாகணும்.”

“எப்படிக் கேட்பீங்க?”

“எந்தக் காலைத் தள்ளினேனோ, அந்தக் காலையே தொட்டுக் கும்பிடுவேன்.”

 “போயிட்டு வாங்க” என்றார் சுமனா.

ஸ்பாவின் கூடத்தில் நல்ல கூட்டம். மாலியைக் கூப்பிடச் சொன்னதுமே மேனேஜரின் முகம் வெளுத்தது. மாலி வந்தாள். தமயந்தி சட்டென்று விழுந்து அவளுடைய இரண்டு பாதங்களையும் பற்றிக்கொண்டாள்.

மாலி அலறிவிட்டாள். வயதில் மூத்தவளின் தலை அவள் காலடியில் கிடந்தது. காலை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

“உனக்கு எவ்வளவு பெரிய மனசு, தமயந்தி!” என்று ஊர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மத்தியானம் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டாள்.

சாயங்காலம் தோட்டத்தில் நடந்தபோது, துணி துவைக்கும் இடத்தில் மாலி ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருப்பதைக் கண்டாள். தமயந்தியைப் பார்த்ததும் மாலி கொடியில் தொங்கிய விரிப்புக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். விரிப்புக்குக் கீழே தெரிந்த பாதங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன.

மாலியை ஏன் துணி துவைக்க விட்டிருக்கிறார்கள் என்று கேட்க தமயந்தி மேனேஜரிடம் ஓடினாள்.

“இரண்டு முறை அவளால் உங்களுக்குத் தொந்தரவு” என்றார் அவர். “இனி விருந்தாளிகள் பக்கமே விடமாட்டோம்.”

“நான் அவள்மேல் புகார் எதுவும் சொல்லவில்லையே?”

“நீங்கள் நல்லவர். சொல்லமாட்டீர்கள்.”

மறுபடியும் மலையேறினாள். இந்த முறை குருவின் எதிரே உட்காரக் கூசி நின்றுகொண்டே இருந்தாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை சுமனா குறுக்கிடவில்லை.

“கால்ல விழுந்ததும் நெஞ்சு லேசாச்சா, அக்கா?”

“ஆச்சும்மா.” சொல்லும்போதே அவமானத்தில் காதுமடல் சுட்டது.

“அந்தப் பாரம் எங்க போச்சு?”

தமயந்தி தலைகுனிந்தாள். “மறுபடி போய், தனியாக் கூப்பிட்டு…” என்று இழுத்தாள்.

“இடுப்பு வலி எப்படி இருக்கு?”

“அது அப்படியேதான் இருக்கு.”

“மாலிக்கு அந்த வேலை தெரியும். போய்ப் படுங்க.”

மறுநாள் தமயந்தி மேனேஜரிடம் போய், “மாலி அழுத்தினால்தான் என் இடுப்பு சரியாகும்” என்றாள். அவர் நம்பவில்லை. வேறு ஆளை அனுப்பினார். தமயந்தி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாயில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் மாலி வந்தாள்.

பாதங்களை அவசரமாகக் கழுவித் துடைத்தாள். தமயந்திக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். கால் வைத்து அழுத்த வேண்டிய இடங்களிலெல்லாம் மாலி உள்ளங்கையை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க அழுத்தினாள். முடிந்ததும் கைகூப்பிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

தமயந்தி மலையேறி வந்து குருவின் எதிரே உட்கார்ந்தாள்.

“போனேம்மா. ஒரு வார்த்தை பேசலை.”

“ம்.”

“கையாலேயே அழுத்தினா. கடைசிவரைக்கும் காலை வைக்கவே இல்லை.”

சுமனா ஒரு குவளைத் தண்ணீரை அவளிடம் நீட்டினார்.

“நாளைக்கு எங்க ஆளுங்க ஊருக்குக் கிளம்புறாங்க” என்றாள் தமயந்தி.

“அவங்க கிளம்பட்டும்” என்றார் சுமனா. “நீங்க நாளைக்கும் மாலிகிட்ட போய்ப் படுங்க, அக்கா.”