ரோஜாவுக்கு இன்னும் ஒரு மூட்டை

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிற திம்மராயன், தன் குரு மங்கம்மாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சீடருக்கு வயது அறுபது, குருவுக்கு நாற்பத்தெட்டு. ஞானம் வயதைப் பார்த்தா வருகிறது?

இலை போட்டு, பக்கத்தில் கேன் தண்ணீர் வைத்தார்.

"உங்க போர் தண்ணி என்ன ஆச்சு?" என்று குரு கேட்டார்.

"உரம் இறங்கிடுச்சும்மா. சோதிச்சுப் பாத்துட்டு, பச்சைக் குழந்தைக்கு ஆகவே ஆகாதுன்னுட்டாங்க. பிரசவத்துக்கு வந்த பொண்ணு, பத்தாம் நாளே பேரனைத் தூக்கிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிடுச்சு."

மனிதர் ரொம்பக் களைத்திருந்தார்.

"அப்பவும் உரத்தைக் குறைக்கலையா?"

"மனசு வரலைம்மா. காம்பு நாலு விரல் குட்டையா இருந்தாலே வியாபாரி பூவைத் தள்ளிடுறான். பக்கத்துக் குடில்ல ஒரு மூட்டை கரைச்சா, நான் ஒன்றரை கரைக்கிறேன். போன மாசம் இலை ஓரமெல்லாம் கருகுச்சு. சத்துப் பத்தலையாக்கும்னு இன்னும் ஒரு மூட்டை கரைச்சு விட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க, உரம் மிஞ்சித்தான் கருகுச்சுன்னு."

"தெரிஞ்ச பிறகு?"

"இன்னைக்குக் காலையிலயும் கரைச்சேன். நான் ஏம்மா இப்படி இருக்கேன்?"

குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திம்மராயன் இரண்டு முறை சோறு வைத்தார். மூன்றாம் முறை வந்தபோது குரு இலைமேல் கையை விரித்து மறித்தார்.

"போதும்."

வீட்டுக்கு வந்தவரை அப்படி விட்டுவிட முடியுமா? "ஒரே ஒரு கரண்டிம்மா" என்று விரலிடுக்கில் போட்டார். கை விலகியதும் இன்னொரு கரண்டி. அதன்மேல் குழம்பு. அது இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

குரு எழுந்துவிட்டார்.

"பாதிச் சோறு அப்படியே இருக்கேம்மா."

"என் பசி எப்பவோ தீர்ந்துபோச்சு. இதை யாருக்குப் பரிமாறினீங்க?"

திம்மராயன் இலையைப் பார்த்தபடி நின்றார். "குறை வச்சுட்டேன்னு பேர் வந்துடுமோன்னு பயம். அந்தப் பயத்துக்குத்தான்."

"எனக்காவது மறிக்கக் கை இருந்துச்சு."

திம்மராயன் துணியை எடுத்துவந்து குனிந்து தரையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நாளையிலேருந்து உரத்தைப் பாதியாக் குறைச்சுடறேன். பேரன் வந்து நம்ம தண்ணியைக் குடிப்பானாம்மா?"

"தண்ணில இறங்கின உரம் தெளிய ஒரு தலைமுறை ஆகும், அவன் குடிக்க மாட்டான். அவன் பிள்ளை குடிக்கும், குறைங்க."