மார்பளவு இட்லிப்பூ

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சீடர் தளவாயே முதல் நாள் சிரித்தவர்தான். அப்புறம் சாமி பேசியதைக் கால் மணி நேரம் கேட்டார், சிரிப்பு நின்றுபோனது, மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்.

தளவாய் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் காடு கரையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த மனுஷன். அளக்காத எதையும் நம்ப மாட்டார். மடத்துக்கு வந்த மறுநாளே, கிழக்கு மதிலை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்று சாமியிடம் போய்ச் சொன்னார். "அப்படியா அண்ணாச்சி? மதிலுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சாமி சாப்பிடப் போய்விட்டார்.

தளவாய்க்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உபதேசம். அந்த மடத்தில் குரு, சீடரின் வலது காதில் மெல்ல ஒரு மந்திரம் சொல்வார். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் மடத்து ஆள். வீட்டுக்காரி போன நாளிலிருந்து தளவாய்க்கு எதிலும் ஒரு பிடிப்பில்லை. அந்த நாலு எழுத்தைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தார்.

நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வாய்விட்டே கேட்டார். சாமி பின்கட்டுக்குப் போய் ஒரு இட்லிப்பூக் கன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். நாலு அங்குலம் இருக்கும்.

"நந்தவனத்துல நட்டு வளருங்க அண்ணாச்சி. இது உங்க மார்பளவு வந்ததும் தாரேன்."

தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. அளக்கிற வேலையாயிற்றே, விடுவாரா? கன்றை நட்ட கையோடு, அதன் மூட்டருகே ஒரு சின்னக் கல்லைப் பதித்தார். கல்லின் தலைதான் பூஜ்யம். எந்த அளவுக்கும் தொடங்குகிற புள்ளி ஒன்று வேண்டும், அது ஆடக் கூடாது என்பது சர்வேக்காரர்களுக்கு வேதம். பிறகு நிமிர்ந்து நின்று தன் மார்பை அளந்தார். நாலடி இரண்டு அங்குலம். சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் எல்லாரும் நந்தவனத்தில் வந்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஜபம் கிடையாது, பாட்டு கிடையாது. உட்கார வேண்டியது, எழுந்து போக வேண்டியது, அவ்வளவுதான். தளவாய்க்கு அது சரிப்படவில்லை. வாழ்க்கை முழுக்க வரப்பில் நடந்த கால், சம்மணம் போட்டால் மரத்துப்போகும் என்றார். அதுவும் போக, செடியை அளக்க அதுதான் நல்ல நேரம். வெயில் ஏறினால் இலை தொய்ந்து அரைக்கால் அங்குலம் குறைந்துவிடுமாம். அதனால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவர் டேப்போடு அவர்களுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து கொண்டிருப்பார். சாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதல் வருஷம் ஏழு அங்குலம் வளர்ந்தது. தளவாய் கணக்குப் போட்டார். இந்த வேகத்தில் போனால் இன்னும் ஐந்தரை வருஷம். பரவாயில்லை, உடம்பு தாங்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் ஐந்து அங்குலம்தான். கடலைப்பிண்ணாக்கு வைத்தார், ஆட்டுப்புழுக்கை போட்டார், மோரைப் புளிக்கவைத்து ஊற்றினார். மடத்தில் மோர்க்குழம்பே இல்லாமல் போனது. செடி என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. மழையானாலும் கோடையானாலும் இலை ஒன்று பழுக்காமல் பச்சைப்பசேல் என்று, உருண்டையாக, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவோடு நின்றது. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனார்கள். தளவாய் மட்டும் அந்தப் பூவை ஜென்மப் பகையாகப் பார்த்தார். பூவுக்குப் போகிற சத்தெல்லாம் உயரத்துக்குப் போகலாமே என்று மொட்டைக் கிள்ளிப் போட்டார். கிள்ளின இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளிர் விட்டது. உயரம் கேட்டால் அது அகலம் கொடுத்தது.

மூன்றாம் வருஷம் மூன்றே மூன்று அங்குலம். மொத்தம் பத்தொன்பது. தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு செங்கோட்டை சாலையில் இருக்கிற நாற்றுப்பண்ணைக்குப் போனார். பண்ணை நடத்துகிற முப்புடாதி, இவர் பறித்துக் கொண்டுபோயிருந்த செடியின் இலையையும் எழுதி வைத்திருந்த அளவையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணாச்சி, இது குட்டை ஜாதில்லா? மிஞ்சிப்போனா ரெண்டடி. நீங்க பாலை ஊத்தினாலும் அதுக்கு மேல போவாது."

தளவாய் விரல் விட்டு எண்ணினார். மூன்று வருஷம். அறுபத்தொன்று அறுபத்தைந்தை நெருங்கிவிட்டது. இந்தச் சின்ன வயசுச் சாமி தன்னை நன்றாக ஏமாற்றிவிட்டது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முப்புடாதிக்கு மனசு கேட்கவில்லை. நெட்டை ஜாதி ஒன்று இருக்கிறது, இரண்டே வருஷத்தில் தலையைத் தாண்டிவிடும் என்று சொல்லி, இப்போதே இடுப்பளவு இருந்த ஒரு செடியைத் தொட்டியோடு கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் நந்தவனத்துக்கு வந்தபோது, தளவாய் இட்லிப்பூச்செடிக்கு எதிரே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நெட்டைச் செடி இருந்தது. அதற்கும் பக்கத்தில் அவருடைய பெட்டி, கட்டித் தயாராக இருந்தது. ஒன்று செடியை மாற்றுவது, இல்லாவிட்டால் ஊருக்குப் போவது. ராத்திரியே முடிவெடுத்துவிட்டார்.

சாமி வந்தார். மண்வெட்டியைப் பார்த்தார், நெட்டைச் செடியைப் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார்.

"இது குட்டை ஜாதின்னு உங்களுக்குத் தெரியுமா சாமி?"

"தெரியும்."

"எந்தக் காலத்துலயும் என் மார்பளவு வராதுன்னு தெரியுமா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்கதான் சர்வேயர். மார்பளவுன்னா எவ்வளவு?"

"நாலடி ரெண்டங்குலம்."

"எப்படி அளந்தீங்க?"

"நின்னுதான்."

"யாரு நிக்கச் சொன்னா?"

தளவாய் செடியின் அடியில் இருந்த கல்லைப் பார்த்தார். செடியின் பூஜ்யத்துக்குக் கல் பதித்தவர், அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. தொடங்குகிற புள்ளியிலேயே கோட்டை விட்டிருக்கிறோம் என்று அவருடைய சர்வேக்கார மூளைக்குத்தான் முதலில் உறைத்தது. மனசுக்கு இறங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மண்வெட்டியைக் கீழ வையுங்க" என்றார் சாமி. "உட்காருங்க."

தளவாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார். சம்மணம் போட்டார். சுற்றிலும் மற்றவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. சிவப்புக் கொத்து ஒன்று ஆடி வந்து, சரியாக அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானில் இடித்தது.

அவர் குனிந்து பார்த்தார். மூன்று வருஷம் தினமும் பார்த்த செடி, இத்தனை பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பூவுக்கும் நாலே நாலு இதழ். கொத்துக்குள் எறும்பு ஒன்று வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. கை பழக்கத்தில் பையிலிருந்த டேப்பைத் தேடிப் போய், பாதியிலேயே நின்றுவிட்டது.

சாமி மெல்ல வந்து அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

தளவாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இது எப்ப சாமி இந்த அளவுக்கு வந்துச்சு?"

"அது போன தைப்பூசத்துக்கே வந்துட்டுது அண்ணாச்சி. நீங்கதான் இன்னைக்கு வந்திருக்கீங்க. எங்க, காதைக் காட்டுங்க."